கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளையோடு விமானம் ஏறலாமா?

2025 ஜூலை 2, மல்லாவியிலிருந்து ஒரு கேள்வி

மகனுக்கு ஆறு வயது. கச்சான், அதாவது நிலக்கடலை, கொஞ்சம் வாயில் பட்டாலே உதடு வீங்கி மூச்சு இழுக்கும். ஓகஸ்ட் கடைசியில் லண்டனில் தங்கச்சியின் கலியாணம். விமானத்தில் யாரோ ஒருவர் கச்சான் பக்கெற்றை உடைத்தாலே போதுமாம், அந்தக் காற்று எல்லா இடமும் பரவிவிடுமாம். கதவு திறக்க முடியாத இடத்தில் பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யார் காப்பாற்றுவது என்று வீட்டில் கேட்கிறார்கள். மனைவி போகவே வேண்டாம் என்று நிற்கிறார். பிள்ளையோடு போய்வந்த யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 2, இரவு

போங்கள் தம்பி. நாங்கள் போய் வந்தோம்.

நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். கச்சான் போட்ட குடும்பம். மகளுக்கு இரண்டு வயதில், மாசி மாதம், முற்றத்தில் பாயில் காயவிட்ட கச்சானில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கால் மணித்தியாலத்தில் உடம்பெல்லாம் பத்தை பத்தையாகத் தடித்து, சத்தி எடுத்து, குரல் அடைத்துவிட்டது. மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். அடுத்த போகம் என் வீட்டுக்காரர் இரண்டு ஏக்கர் கச்சானை நிறுத்தி உழுந்து போட்டார். இப்போது அவளுக்கு ஒன்பது வயது. 2023இல் பலாலியிலிருந்து சென்னைக்கும், 2024இல் கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கும் கூட்டிப்போய் வந்தோம்.

காற்றைப் பற்றி. எனக்கும் அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. கிளினிக் டொக்டர் விளங்கப்படுத்தினார். கச்சான் மணம் வேறு, கச்சான் புரதம் வேறு. மூக்குக்கு வருவது வறுத்ததில் எழும்பும் ஆவி. ஒவ்வாமையைக் கிளப்புவது புரதம். அது பாரமானது, கோதை உடைக்கும்போது கொஞ்சம் எழும்பினாலும் கெதியில் கீழே படிந்துவிடும். ஆய்வுகளிலும் கச்சான் தின்னும் இடத்தின் காற்றில் மிகக் குறைவாகத்தான் அகப்பட்டிருக்கிறது. விமானத்தில் காற்று மேலிருந்து வந்து கால்பக்கத்தால் போகிறது, மணித்தியாலத்துக்கு 20 தடவைக்கு மேல் மாறுகிறது.

ஆபத்து இருப்பது முன்னால் இருந்தவர் தின்றுவிட்டுப் போன இருக்கையில். சாப்பாட்டுத் தட்டு, கைப்பிடி, பட்டியின் கொளுக்கி, திரை. பிள்ளை அதைத் தொடும், பிறகு விரலை வாயில் வைக்கும். அதனால் ஏறின உடனே துடையுங்கள். முதலில் ஏறவிடச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் இரண்டு பயணத்திலும் கேட்டோம், இரண்டிலும் விட்டார்கள்.

ஜூலை 3

ஒன்று விட்டுப்போச்சு. துடைப்பது ஈரத்தாளால். கைக்குப் பூசும் கிருமிநீக்கி ஜெல் கச்சான் புரதத்தை அகற்றாது, அங்கேயே பூசித்தான் விடும். கைக்குச் சவர்க்காரமும் தண்ணியும் வேண்டும், இல்லையென்றால் ஈரத்தாள். கொரோனாக் காலத்துக்குப் பிறகு எல்லோர் பையிலும் ஜெல் போத்தல் இருக்கிறது. அதைப் பூசினால் கை சுத்தம் என்று பெரியவர்கள் நினைத்துப் பிள்ளைக்குச் சாப்பாடு பிசைந்து கொடுத்துவிடுகிறார்கள்.

ஜூலை 3, பின்னேரம்

பரந்தனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், தன் மனைவிக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, அதற்கும் இதே கதைதானா என்று. இல்லை. இறால், நண்டு, மீன் வேகும்போது எழும்பும் ஆவியோடு புரதமும் வரும். குசினியில் இறால் கறி கொதிக்கும்போதே சிலருக்குத் தும்மலும் இழுப்பும் தொடங்குவது அதனால்தான். நான் மேலே எழுதியது கச்சானுக்கு மட்டும். உங்கள் மனைவியின் டொக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

ஜூலை 5

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். விமானத்தைப் பற்றியே கதைக்கிறோம், விமான நிலையத்துக்கு ஏறிப்போகும் வான் வண்டியைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏழெட்டு மணித்தியாலம். இரவில் வெளிக்கிட்டு, வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம் என்று போகிற வழி. வழியனுப்ப மாமா, மாமி, சித்தப்பா, பிள்ளைகள் என்று பத்துப் பேர் ஏறுவார்கள். நித்திரை வராமலிருக்க ட்ரைவர் கச்சான் வாங்கி வைத்திருப்பார். மிக்சர் பை ஒன்று பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்கு வரும். மிக்சரிலும் கச்சான்தான். அது எங்கள் சனத்தின் அன்பு, மறுக்கவும் மனம் வராது. ஆனால் எங்கள் மகளுக்கு லண்டன் பயணத்தில் தடிப்பு வந்தது விமானத்தில் இல்லை. புத்தளத்தில் தேத்தண்ணி குடிக்க இறங்கினபோது வந்தது. கச்சான் தின்ற கையால் மாமி அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். நல்லகாலம், கன்னத்தில் தடிப்போடு நின்றது. மாமி கட்டுநாயக்க வரைக்கும் அழுதுகொண்டு வந்தார்.

வான் பிடிக்கும்போதே ட்ரைவரிடம் சொல்லுங்கள். கோயில் திருவிழா வாடகைக்குப் போய்வந்த வானென்றால் சீட் இடுக்கெல்லாம் கோது கிடக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்த வானை நினைத்துப் பாருங்கள். கூட்டச் சொல்லுங்கள்.

ஜூலை 8

சென்னைக் கதையை எழுதுவதா விடுவதா என்று இருந்தேன். பிழை என்னுடையது. ஆனாலும் எழுதுகிறேன், இன்னொரு தாய் அதே பிழையை விடக்கூடாது.

எங்களுக்குக் கடலை என்றால் அவித்துத் தாளித்து, பள்ளிக்கூட வாசலில் சுருளில் விற்பது. மகள் கடலை, உழுந்து, பயறு எல்லாம் சாப்பிடுவாள், ஒன்றும் செய்யாது. கச்சான் ஒன்றுதான் எதிரி. தமிழ்நாட்டில் எங்கள் கடலைக்குப் பெயர் கொண்டைக்கடலை. அங்கே வெறுமனே கடலை என்றால் பல இடங்களில் கச்சான். நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை, எல்லாம் அதுதான். கடலை எண்ணெய் என்றால் கச்சான் எண்ணெய். கடலைமிட்டாய் எங்கள் கச்சான் அல்வாவின் சொந்தக்காரன். ஆனால் பொட்டுக்கடலை கச்சான் இல்லை, கடலைமாவும் கச்சான் இல்லை. கச்சான் என்ற சொல்லோ அங்கே பலருக்கு விளங்காது.

திரும்புகிற நாள் காலை ஒரு கடையில் இட்டலி கட்டினோம். நான் கேட்டேன், சட்னியில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று. கடலைச் சட்னி அம்மா, காரமில்லை, பாப்பாவுக்கு நல்லது என்றார். பாவம், அந்த மனிசன் உண்மையைத்தான் சொன்னார். இரண்டு பேரும் தமிழில்தான் கதைத்தோம். எனக்கு விளங்கிவிட்டது என்று நான் நினைத்தேன்.

விமான நிலையத்தில், சோதனை எல்லாம் முடிந்த பிறகு, சாப்பிடக் கொடுத்தேன். இரண்டாவது இட்டலியில் நாக்குக் கடிக்குது அம்மா, அரிக்குது என்றாள். ஏறுவதற்கு வரிசை தொடங்கிவிட்டது. இவர் சொன்னார், ஒரு மணித்தியாலப் பயணம்தானே, பலாலியில் இறங்கி யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று. எனக்கும் ஒரு கணம் அதுவே சரி என்று பட்டது. ஊருக்குப் போனால் போதும் என்ற மனம். பிறகு அவள் இருமினாள். அந்த இருமல் எனக்குத் தெரியும், இரண்டு வயதில் கேட்ட இருமல். ஏறவில்லை.

ஜூலை 8, இரவு

மிச்சம்.

அப்போது எங்களிடம் பேனா ஊசி (கடும் ஒவ்வாமைக்குப் போடும் அட்ரினலின் மருந்தை அளவாக அடைத்து வரும் ஊசி) இல்லை. அட்ரினலின் குப்பி இரண்டும், சிறிய ஊசிகளும், டொக்டரின் கடிதமும் இருந்தன. குப்பியில் ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம். அவளுக்கு அப்போது 20 கிலோ, அதனால் 0.2 மில்லிலீற்றர் என்று டொக்டர் அட்டையில் எழுதி, ஊசியிலும் சிவப்புக் கோடு போட்டுத் தந்திருந்தார். கிளினிக் நேர்ஸ் தோடம்பழத்தில் குத்திக் குத்திப் பழக்கியிருந்தார்.

இவ்வளவும் இருந்தும் நான் முதலில் எடுத்தது கடிக்குக் கொடுக்கும் பாணி மருந்தை. அதைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசி போட்டால் பிள்ளைக்கு நோகும், தேவையில்லாமல் போட்டுவிடுவேனோ என்று பயம். அந்தப் பத்து நிமிடம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. குரல் மாறின பிறகுதான் குப்பியை உடைத்தேன். கை நடுங்கி முதல் குப்பி கீழே விழுந்துவிட்டது. இரண்டாவதைத் தொடையின் வெளிப்பக்கத்தில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் மூச்சு இறங்கியது. அப்புறம் விமான நிலைய மருத்துவ அறை, அங்கிருந்து ஆஸ்பத்திரி, ஒரு இரவு அங்கேயே. அடங்கின பிறகும் சில மணித்தியாலத்தில் திரும்ப வரலாம் என்பதால் வைத்துப் பார்த்தார்கள். திரும்ப வந்திருந்தால் விமானத்தில் என் கையில் குப்பி இருந்திருக்காது.

ஜூலை 9

வவுனியா அண்ணை ஒருவர் எழுதியிருக்கிறார், முதலில் பாணி மருந்து கொடுத்துப் பார்ப்பதில் பிழை இல்லை, ஊசி கடைசி ஆயுதம் என்று. அண்ணை, நானும் அப்படி நினைத்துத்தான் நின்றேன். பாணி மருந்தும் குளிசையும் தடிப்பையும் கடியையும் தணிக்கும். தொண்டை வீக்கத்தையும் விழுகிற பிரஷரையும் அது நிறுத்தாது. மூச்சு, குரல், தலைச்சுற்று, விடாத சத்தி என்று வந்தால் முதல் மருந்தே அட்ரினலின்தான். ஐந்து தொடக்கம் பதினைந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது. அதனால்தான் எப்போதும் இரண்டு கொண்டு போகச் சொல்கிறார்கள்.

போட்ட பிறகு பிள்ளையை எழும்பி நடக்க விடக்கூடாது. படுக்கவைத்துக் காலை உயர்த்தவேண்டும். மூச்சுக் கஷ்டமென்றால் சாய்ந்து இருக்கட்டும். விமானத்தில் பயந்துபோய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கழிவறைப் பக்கம் ஓடவேண்டாம். இருந்த இடத்திலேயே போட்டு, மணியை அழுத்துங்கள். பல விமானங்களின் மருத்துவப் பெட்டியில் அட்ரினலின் இருக்கும். ஆனால் குப்பியாக இருக்கும், போடத் தெரிந்தவர் வேண்டும். அதை நம்பி ஏறக்கூடாது.

ஜூலை 14

மல்லாவித் தம்பி கேட்டது: பேனா ஊசி எங்கே எடுப்பது, வெயிலுக்கு என்ன செய்வது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நான் கேட்ட மருந்துக்கடைகளில் இருக்கவில்லை. கொழும்பில் ஒரு கடையில் டொக்டரின் துண்டைக் கொடுத்து, முன்கூட்டியே சொல்லிவைத்து எடுத்தோம். விலை கூட. வாங்க இயலாவிட்டால் குப்பியும் ஊசியும் போதும், ஆனால் பழகிக்கொள்ளுங்கள், அப்பாவும் அம்மாவும் இரண்டு பேருமே. 15 தொடக்கம் 30 கிலோ பிள்ளைகளுக்கு 0.15 மில்லிகிராம் பேனா, அதற்கு மேல் 0.3. உங்கள் மகனுக்கு எது என்று டொக்டர் சொல்லட்டும். முடிவுத் திகதியைப் பாருங்கள், அது கெதியில் வந்துவிடும்.

இந்த மருந்து 20 தொடக்கம் 25 பாகைக்குள் இருக்கவேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கக்கூடாது. எங்கள் கோடைக்கு 35 பாகை. நான் வீட்டில் சின்ன மண்பானைக்குள் மூடிய தகரப்பெட்டி ஒன்றை வைத்து, பானைக்கு வெளியே ஈரச்சாக்கு சுற்றி, நிழலில் வைக்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை பேனாவின் கண்ணாடி ஜன்னலால் பார்ப்பேன். மருந்து தெளிந்த தண்ணியாக இருக்கவேண்டும், மண்ணிறமாக மாறினால் வேண்டாம்.

பயணத்தில் அது கைப்பையில், கைக்கு எட்டும் இடத்தில். பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பவே கூடாது. பெட்டி வராமல் போகலாம், வந்தாலும் கீழ்த்தளத்தின் சூடும் குளிரும் மருந்தைக் கெடுக்கலாம். தலைக்கு மேலுள்ள தட்டிலும் வேண்டாம், பட்டி கட்டியிருக்கச் சொல்லும் நேரத்தில் எழும்பி எடுக்க விடமாட்டார்கள். மகள் இடுப்பில் கட்டியிருக்கிறாள். ஊசி என்று சோதனையில் கேட்பார்கள், ஆங்கிலத்தில் டொக்டரின் கடிதம் இருந்தால் பிரச்சினையில்லை.

ஜூலை 15

நேற்று எழுதினதில் ஒரு திருத்தம். ஈரச்சாக்கு சுற்றும் பானைக்குள் ஈரம் இறங்கும். தகரப்பெட்டிக்குள் பேனாவை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுத்தான் வைக்கிறேன். எழுத மறந்துபோனேன்.

ஜூலை 21

விமானச் சாப்பாடு. லண்டன் போகும்போது சைவச் சாப்பாடு என்று பதிந்தோம், சைவமென்றால் பாதுகாப்பு என்று நினைத்து. வந்த சோற்றுக்கு மேலே கஜுவும், பக்கத்தில் மரக்கறிக் குழம்பும். குழம்பு தடிப்பாக இருந்தது. எதனால் தடித்தது என்று பணிப்பெண்ணால் சொல்ல முடியவில்லை. அவளைக் குறை சொல்ல முடியாது, சமைத்தது வேறு இடம். சைவம், பால் குறைந்தது, கோதுமைப் பசை இல்லாதது என்பவை வேறு கணக்கு. கச்சான் இல்லை என்று உறுதிதர விமான நிறுவனங்கள் பொதுவாகத் தயங்கும். ஒவ்வாமை இருக்கிறது என்று பதியத்தான் வேண்டும், குறைந்தது இரண்டு நாளுக்கு முன். ஆனால் வயிற்றை அதை நம்பி விடக்கூடாது.

நாங்கள் இடியப்பமும் காய்ந்த தேங்காய்ச் சம்பலும், பாணும் அவித்த முட்டையும், வாழைப்பழமும் கொண்டு போனோம். கெட்டியான சாப்பாடென்றால் சோதனையில் விடுவார்கள். சொதி, குழம்பு, தயிர் எல்லாம் திரவக் கணக்கு, 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். மருந்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மிச்சத்தை லண்டனில் இறங்கமுன் முடித்துவிடுங்கள், இறைச்சியும் பால் பொருளும் உள்ளே கொண்டுபோக முடியாது.

வளைகுடா வழியாகப் போனால் இரண்டு விமானம். முதல் விமானத்தில் சொன்னது இரண்டாவதில் இருப்பவர்களுக்குத் தெரியாது. திரும்பச் சொல்லவேண்டும், திரும்பத் துடைக்கவேண்டும். அந்த நேரத்தில் களைத்துப்போய் இருப்போம். மகள்தான் ஞாபகப்படுத்தினாள்.

ஜூலை 22

எள்ளு ஒவ்வாமை பற்றிக் கேட்ட ஒரு தங்கச்சிக்கு. இதை எழுதினால் பயப்படுவீர்களோ என்று யோசித்தேன். 2016 ஜூலையில் நட்டாஷா என்ற 15 வயதுப் பிள்ளை, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வாங்கிய பாண் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டுப் பிரான்சின் நீஸ் நகருக்குப் பறந்தாள். மாவுக்குள் எள்ளு சேர்ந்திருந்தது, உறையில் எழுதியிருக்கவில்லை. தகப்பன் பக்கத்திலிருந்து இரண்டு பேனா ஊசியும் போட்டும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் தாய் தகப்பன் விடாமல் நின்றதால் 2021 ஒக்டோபர் 1 முதல் பிரித்தானியாவில் கடையிலேயே செய்து உறையிலிட்டு விற்கும் சாப்பாட்டிலும் சேர்மானம் முழுக்க எழுதவேண்டும். 14 ஒவ்வாமைப் பொருட்கள் தடித்த எழுத்தில் தெரியும். எள்ளும் கடுகும் அந்தப் பதினான்கில் உண்டு. அதனால் திரும்பிவரும்போது லண்டனில் வாங்குவது வாசித்து வாங்கக்கூடியதாக இருக்கும். எங்கள் கடைகளில் வாசிக்க ஒன்றும் இல்லை, கேட்கத்தான் வேண்டும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் இருக்கும், எண்ணெய்தானே என்று விடாதீர்கள்.

ஓகஸ்ட் 4

ஒரு பிள்ளைக்காக முழு விமானமும் கச்சான் தின்னாமல் இருக்கவேண்டுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாங்கள் முழு விமானத்தையும் கேட்கவில்லை. எங்கள் வரிசையையும், முன் பின் வரிசையையும் கேட்டோம். மகள்தான் கேட்டாள். எனக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது, நீங்கள் தயவுசெய்து வேறு ஏதாவது சாப்பிடுவீர்களா என்று. ஒரு ஐயா மிக்சர் பக்கெற்றை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அவளுக்கு ஜன்னல் பக்கத்தையும் கொடுத்தார். கனடாவில் 2020 முதல் இது விதியாகவே இருக்கிறது, முன்கூட்டிச் சொன்னால் கடும் ஒவ்வாமை உள்ளவரின் இருக்கையைச் சுற்றி ஒரு இடைவெளி ஒதுக்கவேண்டும். ரொறன்ரோ போகிறவர்கள் பயணத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு முன் கேட்டுப் பாருங்கள்.

ஓகஸ்ட் 11

அட்டை. சென்னைக்குப் பிறகு நாங்கள் சொல்லை நம்புவதில்லை. மகள் ஒரு அட்டையில் கச்சான் கோதையும் பருப்பையும் கீறி, கீழே எல்லா மொழியிலும் எழுதிவைத்திருக்கிறாள். சிங்களத்தில் ரட்டகஜு. இதைக் கவனியுங்கள், வெறும் கஜு என்றால் அவர்களுக்கும் மரமுந்திரிகைதான். அரபியில் ஃபூல் சூதானி. பிரெஞ்சில் அரஷீத். ஜேர்மனில் ஏர்ட்நுஸ். ஆங்கிலத்தில் பீநட், கிரவுண்ட்நட் இரண்டும். தமிழில் கச்சான், நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை நான்கும். படத்தைப் பார்த்தால் எவருக்கும் விளங்கும்.

தம்பி, மனைவி சம்மதித்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள், சந்தோசம். உங்கள் மகனுக்கும் மூன்று அட்டை செய்கிறாள். ஒன்று உங்களிடம், ஒன்று மனைவியிடம், ஒன்று அவன் சட்டைப் பையில். 23ஆம் திகதி இரவு எத்தனை மணிக்கு மாங்குளம் சந்தியைத் தாண்டுவீர்கள் என்று சொல்லுங்கள். இவர் என்னையும் மகளையும் கூட்டிவருவார்.

ஓகஸ்ட் 24

நேற்று இரவு எட்டரைக்கு மாங்குளம் சந்தியில் சந்தித்தோம். பொடியன் அட்டையை வாங்கின உடனேயே படத்தைப் பார்த்து, கச்சான் என்று சத்தமாக வாசித்தான். மகள் அவனுக்கு இடுப்புப் பையை எப்படிக் கட்டுவது என்று காட்டிக்கொண்டிருந்தாள். வானைக் கூட்டித் துடைத்திருந்தார்கள், பின் சீட்டில் ஒரு கோதும் இல்லை. முன்னால் எட்டிப் பார்த்தேன். கியர்ப் பக்கத்தில் அரைவாசி தின்ற கச்சான் சுருள் ஒன்று இருந்தது. நான் ஒன்றும் சொல்லமுன் ட்ரைவர் தம்பியே அதை எடுத்துக்கொண்டு போய்த் தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, சவர்க்காரம் இருக்குதா அண்ணை என்று கேட்டார். அவர் கையைக் கழுவிவிட்டு, ஸ்டியரிங்கையும் கதவுப் பிடியையும் ஈரத்தாளால் துடைத்து முடிக்கும்வரை எல்லோரும் ரோட்டோரம் நின்றோம். பிறகுதான் பொடியன் ஏறினான்.